அசையாதவர்களுக்கான ஊர்

ஜூன் 12, வியாழன்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், கொளத்தூரில் எங்கள் தெருமுனையில் நிற்கும் பச்சை நிறக் குப்பைத் தொட்டி இன்று மாலை முப்பரிமாணம் எய்தியது. விழாவுக்கு வருகை தந்து சிறப்பித்தவர்கள்: நான், ஒரு நாய், தொட்டிக்குள் சில வாழைப்பழத் தோல்கள். நாய் பாதியில் எழுந்து போய்விட்டதால் படத்தில் இல்லை. தோல்கள் கடைசி வரை ஒத்துழைப்பு நல்கின.

வருங்கால வரலாற்று ஆசிரியர்களுக்காக ஒரு விளக்கம். என் போனில் ஓர் ஆப் இருக்கிறது. ஒரு பொருளைச் சுற்றி நடந்து, நின்றபடி ஒரு சுற்று, குனிந்து ஒரு சுற்று, கையைத் தூக்கி ஒரு சுற்று என்று வீடியோ எடுத்தால், அத்தனையையும் கோத்து அந்தப் பொருளையே உருட்டித் திருப்பிப் பார்க்கும்படி செய்து கொடுத்துவிடும். துரு, கீறல், ஒட்டிய போஸ்டர், கிழித்த போஸ்டர் எல்லாம் வரும். பிறகு அதை லேப்டாப்பில் போட்டு மலையளவு பெரிதாக்கலாம். நூறாகப் பெருக்கலாம். தலைகீழாக நிறுத்தலாம். டாக்டர்கள் உள்ளே இருப்பதை ஸ்கேன் எடுக்கிறார்கள். நான் வெளியே இருப்பதை எடுக்கிறேன். எனக்கு ஃபீஸ் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே நிபந்தனை, பொருள் அசையக் கூடாது. அசைகிற எதையும் ஆப் சேர்த்துக்கொள்ளாது. தெருவில் போகிற ஆட்கள், ஆட்டோக்கள், மாடுகள் எல்லாம் கரைந்துவிடும். ஆகவே நான் லேப்டாப்பில் கட்டிவரும் ஊரில் ஆட்கள் யாரும் இல்லை. அமைதியான ஊர். வரி கிடையாது.

ஊரை நிறுவியவரைப் பற்றி: பெயர் இசக்கிராஜ். பதினொன்றாம் வகுப்பு. சொந்த ஊர் ஆறுமுகநேரி. சென்னைக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அம்மா மஸ்கட்டில் நர்ஸ். அப்பா சேர்மதுரை, ஒரு டிராவல்ஸில் கம்பெனி ஆட்களை இரவெல்லாம் ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார். பகலெல்லாம் தூங்குகிறார். மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். எங்கள் வீடு தூங்கும் நகரம். அதில் கால் பெருவிரலில் நடக்கும் சிறுபான்மையினன் நான்.

ஜூன் 14, சனி

பளபளப்பான பொருள்களுக்கும் ஆப்புக்கும் ஆகாது. எவர்சில்வர், கண்ணாடி, புது பிளாஸ்டிக் எல்லாம் ஓட்டை ஓட்டையாக வரும். மேலே பவுடர் பூசிவிட்டால் மினுமினுப்பு அடங்கி ஒழுங்காக வரும். தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்திருந்த குடங்களில் ஒரு சிவப்புக் குடத்துக்கு அப்பாவின் முகப் பவுடரைப் பூசிக்கொண்டிருந்தேன். குடத்தின் சொந்தக்காரி, கீழ்வீட்டு ரோஸ்மேரி அக்கா, பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இன்னாடா பண்ற என் கொடத்த?"

"மேக்கப்க்கா."

"ஏன், கொடத்தப் பொண்ணு பாக்க வராங்களா?"

"போட்டோக்குக்கா. பளபளன்னு இருந்தா சரியா விழாது."

"பளபளன்னு இருந்தாதாண்டா விழும். நீ எந்த ஸ்டுடியோல கத்துக்கின? ஒழுங்கா கழுவி வெச்சிட்டுப் போ. குடிக்கிற தண்ணில பவுடர் வாசன வந்துச்சு, உங்கப்பன எழுப்பிக் கேப்பேன்."

"எழுப்பாதீங்கக்கா. இப்பதான் படுத்தாங்க."

இந்த இடத்தில் ஒரு நல்ல பதிலடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்காவும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, "சாப்டியா?" என்றார். சாப்பிட்டதாகச் சொன்னேன்.

குடம் அருமையாக வந்தது. அதை முந்நூறு முறை அடுக்கி ஒரு கோபுரம் கட்டினேன். உச்சியில் கலசத்துக்குப் பதிலாக வாழைப்பழத் தோல்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளியில் இன்று இருவர் என்னிடம் பேசினார்கள். ஒருவன் "தள்ளு" என்றான். இன்னொருவன் "நீ புது அட்மிஷனா?" என்றான். நான் இரண்டு வாரமாக அவனுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். "இல்ல, பழைய பெஞ்சு" என்று சொன்னேன். அதாவது, வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

எங்கள் வகுப்பின் அரசியல் நிலவரம்: ஆட்சி குகன் கையில் இருக்கிறது. ஜன்னலோர பெஞ்சு. மதியம் அவனும் அவன் ஆட்கள் மூன்று பேரும் சைக்கிள் ஷெட்டில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவன் டப்பாவில் இன்னொருவன் கை போகும். சிரிப்புச் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். அந்த மந்திரி சபையில் நகைச்சுவைத் துறை காலியாக இருக்கிறது. தகுதியான ஆள் மாடியில் தனியாகத் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. எட்டச் செய்ய வேண்டும். இந்த வருடத்தின் திட்டம் அதுதான். வேறு எதுவும் பெரிதாக இல்லை.

ஜூன் 21, சனி

அடிபம்பு ஸ்கேன். பூங்காவுக்குப் பக்கத்தில், தண்ணீர் வராத, யாரும் அடிக்காத ஒரு பம்பு. நான் குனிந்து இரண்டாம் சுற்று போய்க்கொண்டிருந்தபோது காய் வாங்கப் போன ஒரு அம்மா நின்றார்.

"எத்தினி சுத்துப்பா?"

"மூணுங்க."

"செவ்வாக்கெழம சுத்தலாமா?"

"என்னிக்கு வேணாலும் சுத்தலாம். வெயில் மட்டும் ஒரே மாதிரி இருக்கணும்."

அந்த அம்மா காய்ப் பையை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பம்பை மூன்று முறை சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம் பொண்ணுக்கு ஒரு நல்ல எடம் அமையணும்" என்றார். நான் எதுவும் விளக்கவில்லை. பையில் முருங்கைக்காய் இருந்தது. அவர் அசைந்துகொண்டிருந்ததால் படத்தில் இல்லை.

பம்பை லேப்டாப்பில் பார்த்தால் நீண்ட மூக்கு வைத்த ஏதோ விலங்கு மாதிரி இருந்தது. நாற்பது ஆக்கி ஒரு தார் மைதானத்தில் மேயவிட்டேன். ஒரு குட்டி பம்பு மட்டும் கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கும்படி வைத்தேன். படத்துக்கு ஓர் அழகு வேண்டுமே, அதற்காக.

இணையத்தில் ஏற்றினேன். மாபெரும் வரவேற்பு. சர்வதேச அளவில் ஒரு ரசிகர் இருக்கிறார். ஓமான் நாட்டிலிருந்து. ஏற்றிய ஐந்தே நிமிடத்தில் இதயம் போட்டுவிடுவார். ஷிஃப்டில் இருந்தால் மட்டும் சற்றுத் தாமதமாகும்.

ஜூன் 25, புதன்

அப்பா எழுந்திருந்தார். நான் பள்ளி விட்டு வந்தபோது டீ போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம் இது.

"ஏல, பள்ளிக்கூடம் எப்படி இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"பயலுவ எப்படி? பேசுதானுவளா?"

"பேசித் தள்ளுதானுவ."

தள்ளு என்றுதானே சொன்னான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தார். பிறகு கார் சாவியைத் தேடினார். பிறகு போய்விட்டார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜூன் 28, சனி

உலக ஸ்கேன் வரலாற்றில் ஒரு மைல்கல். முதல் முறையாக ஒரு மனிதர்.

இன்னொரு டிரைவர் வரவில்லை என்று அப்பா நேற்று பகலும் ஓட்டி, ராத்திரியும் ஓட்டி, இன்று காலை வந்து வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் பாயில் விழுந்தார். கம்பெனி அட்டை கழுத்திலேயே கிடந்தது. நான் காபி வேண்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு அசையாமல் இருக்கும் பொருளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

சட்டை ஓரம் ஃபேன் காற்றில் படபடத்தது. ஃபேனை அணைத்தேன். மூன்று சுற்று, மிக மெதுவாக, ஒரு சுற்றில் சுவரோடு ஒட்டிக்கொண்டு. அப்பாவை இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் சுற்றி வருவது சிரிப்பாக இருந்தது. காதோரம் நரை இருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. படம் வரும்வரை காத்திருந்து, ஃபேனைப் போட மறந்து, அவர் கழுத்தில் வேர்வை ஓடியதும் போட்டேன்.

தரமான படம். மீசை முடி, நகக்கண் அழுக்கு, தலையணையை விட்டுப் பாயில் கிடந்து பிறகு புரண்டதால் மேல் கன்னத்தில் பதிந்திருந்த கோரைப்பாயின் வரிகள்கூட வந்திருக்கின்றன. ஒரே குறை. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியதால் ஆப் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கழுத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பெரிய குழி.

ஜூன் 29, ஞாயிறு

குழிக்குத் தீர்வு கண்டேன். முன்பு பூக்கடையில் ஸ்கேன் எடுத்து வைத்திருந்த செவ்வந்தி மாலையை நெஞ்சின் மேல் போட்டேன். குழி மறைந்தது. மாலை போட்டதும் ஆள் தலைவர் மாதிரி ஆகிவிட்டார். தலைவருக்குப் பாய் எதற்கு, தலையணை எதற்கு, எங்கள் வீட்டுத் தரை எதற்கு? எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். தூக்கி நாலு சாலை கூடும் இடத்தில் பீடத்தின் மேல் படுக்க வைத்தேன். சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் பொதுக்கூட்டம் போல நிற்கின்றன. பீடத்தில் கல்வெட்டு: "உறக்கச் செம்மல். நாடு விழிக்கத் தான் உறங்கியவர்."

எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. இதை மட்டும் இணையத்தில் ஏற்றவில்லை. ஓமான் ரசிகருக்கு இது பிடிக்காது என்று தோன்றியது.

ஜூன் 30, திங்கள்

வெற்றி. வெற்றி. வெற்றி.

மதியம் சைக்கிள் ஷெட் பக்கம் எதேச்சையாக (மூன்றாவது முறையாக) நடந்து போனேன். போனில் செம்மலைத் திறந்து வைத்திருந்தேன். குகன் எட்டிப் பார்த்தான். வாங்கி விரலால் உருட்டினான். அவ்வளவுதான், நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டேய், இது நீ பண்ணதா?"

"ஆமா."

"கல்வெட்டெல்லாம் நீ எழுதனதா? செமடா. யார்ரா இந்த ஆளு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களில் ஒரு நெட்டைப் பையன், "பாத்தா தெரில? குடிச்சிட்டு மட்டையாயிருக்கான்" என்றான். "எங்கடா புடிச்ச?" என்று குகன் கேட்டான்.

தெருவில் என்றேன். எங்கள் வீடு தெருவில்தானே இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் இதில் பொய் இல்லை.

குகன் நகர்ந்து இடம் கொடுத்தான். லெமன் சாதம் கொடுத்தான். அவன் அம்மா அதில் நிலக்கடலை போடுகிறார்.

ஜூலை 3, வியாழன்

நகைச்சுவைத் துறை அமைச்சர் பதவியேற்றார். தினமும் மதியம் புதுப் படம் கேட்கிறார்கள். இதுவரை: செம்மல் வேகத்தடையாக. செம்மல் மேம்பாலமாக, மேலே பஸ் போகிறது. செம்மல் பஸ் ஸ்டாப் கூரையாக. குகன் என்னை "ராஜ்" என்று கூப்பிடுகிறான். முழுப் பெயர் கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் முன் பாதியை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நெட்டையன் படத்தைக் கேட்டான், அனுப்பினேன்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா மத்தியானமே எழுந்துவிட்டார். "புது சேக்காளியெல்லாம் கெடச்சிருக்கானுவன்னு அம்மா சொன்னா" என்றார். அம்மாவிடம் வெள்ளிக்கிழமை போனில் நான்தான் அளந்திருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாயேம்ல. கறி எடுத்து நானே ஆக்குதேன். முழிச்சிருந்துக்கிடுதேன்."

"அவனுவளுக்கு டியூஷன்ப்பா."

"நாலு பேருக்குமா?"

"நாலு பேரும் ஒரே டியூஷன்."

"அப்பம் அதுக்கடுத்த வாரம்."

"பாப்போம்ப்பா."

அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டே ஏதோ பாட்டை மூக்கால் பாடினார். நான் மொட்டை மாடிக்குப் போய் ஒரு தண்ணீர்த் தொட்டியை ஸ்கேன் எடுத்தேன். மோசமான வெளிச்சம். அழித்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

நெட்டையன் செம்மலைத் தன் சித்தப்பா மகனின் குரூப்புக்கு அனுப்ப, அங்கிருந்து அது எங்கெங்கோ போயிருக்கிறது. கல்வெட்டைப் பீடத்தோடு யாரோ வெட்டிவிட்டார்கள். மாலையையும் எடுத்துவிட்டு, குழியை வெள்ளைச் சட்டையால் நிரப்பிவிட்டார்கள். அதற்குப் பதில் கீழே பெரிய எழுத்தில், "டூட்டி நேரத்தில் குடித்துவிட்டு நடுரோட்டில் டிரைவர். இவரை நம்பியா நம் பெண்கள் ஏறுகிறார்கள்?" என்று இருக்கிறது. நல்ல நகைச்சுவை ஒன்றை இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

டிரைவர் என்று எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். வெள்ளைச் சட்டை. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பெனி அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையில் டிராவல்ஸ் பெயர் வரிசையாக அச்சடித்திருக்கிறது. பாயை வெட்டத் தெரிந்த எனக்குப் பட்டையை வெட்டத் தோன்றவில்லை.

ஜூலை 9, புதன்

எல்லாம் தானாக அடங்கிவிடும். ஊரில் தினம் ஒன்று வருகிறது.

ஜூலை 10, வியாழன்

வீட்டுக்கு வந்தபோது அப்பா கைலியில் உட்கார்ந்திருந்தார். டீ இல்லை. டூட்டிக்குக் கிளம்பும் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

"போவலியாப்பா?"

"வரவேண்டாம்னுட்டாவ. நா குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தம்னு போட்டோ வந்திருக்காம். சூப்பர்வைசர் காட்டுனாரு. நாந்தான்லே அது. எம் மூஞ்சிதான். சட்டையும் நம்ம சட்டதான்."

நான் பையை இறக்கி வைத்தேன்.

"நா எப்பம் ரோட்டுல படுத்தேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், தட்டுப்படல. குடிச்சு வருசம் எத்தன ஆச்சு. ஆனா அன்னைக்கு ரெண்டு டூட்டி பாத்தம்லா, வர வழில எங்கயும் வண்டிய நிறுத்தி எறங்கி அசந்துட்டனோ என்னவோ. எனக்கே ஒரு மாதிரி இருக்குல. செய்யாததச் செய்யலன்னு சொல்ல வாய் வரமாட்டேங்கு."

"விசாரிப்பாங்களாப்பா?"

"சனிக்கெழம வரச் சொல்லியிருக்காவ. அம்மாட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாத."

பிறகு நான் கணக்குப் பாடம் செய்தேன். பயிற்சி நான்கு முழுவதும். எல்லா விடையும் சரி.

ஜூலை 11, வெள்ளி

குகனிடம் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுடா என்றேன்.

"ஏன்டா? இப்பதான் பிக்கப் ஆவுது."

"குவாலிட்டி சரியில்ல. புதுசா ஒண்ணு பண்றேன்."

"போன படம் போனதுதான் மச்சி. எவன் எவன் போன்ல கீதோ. அந்தாளு உனக்கு இன்னா, மாமனா மச்சானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லெமன் சாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

வரலாற்று ஆசிரியர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளவும்.

நேற்று மாலையே அப்பாவை உட்கார வைத்து, நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். அவர் என் நேர்மையைக் கண்டு கண் கலங்கினார். இன்று காலை டிராவல்ஸ் ஆபீஸுக்குள் தந்தையும் மகனுமாக நுழைந்தோம். சூப்பர்வைசர் தணிகாசலம், மேசைக்குப் பின்னால், மீசையும் அவருமாக உட்கார்ந்திருந்தார். "ஐயா, இந்தப் படத்தை எடுத்தவன் நான்" என்று ஆரம்பித்தேன். வெட்டாத முதல் ஸ்கேனைத் திறந்து அவர் முன்னால் சுழற்றினேன். பாய், தலையணை, எங்கள் வீட்டுச் சுவர், சுவரில் காலண்டர். "இது ரோடா, வீடா? நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஆபீஸே எழுந்து நின்றது. ஒரு டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் அப்பாவுக்கு மறுபடி டூட்டி.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுதியதில் சில திருத்தங்கள்.

அந்த ஆபீஸில் டைப்பிஸ்ட் கிடையாது.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் விரலை வைத்தார். "ரோட்டுல படுத்தா பாய் வரி விழுமால?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, போனைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன். மறுபடி சோறு வைத்தார். கை கழுவி வந்து, "நாளைக்கு ஆபீசுக்கு நீயும் வாரியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆபீஸில் நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். பின்னால் என்றால், அவர் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்குப் பின்னால். சூப்பர்வைசர் "யாருப்பா பையன்?" என்றதும் போனைத் திறக்கப் போனேன். மூன்று தடவை தப்பாக லாக் போட்டு, போன் பூட்டிக்கொண்டது. அது திறக்கும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். திறந்ததும் படத்தைக் காட்டினேன். வாயிலிருந்து வந்தது "சார்" மட்டும். மூக்கு ஒழுகியது.

அவர் நல்ல மனிதர்தான். படத்தை உருட்டிப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "வீடுன்றது சரி. ஆனா குடிச்சிட்டு ரோட்ல கெடந்தாருன்னு கதைய யாரு கெளப்பினது? அது தெரியணும்ல. பொண்ணுங்க ஏறுற வண்டிங்க" என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா முந்திக்கொண்டார்.

"அது எவனோ கீழ எழுதிட்டாம் சார். படத்த எடுக்கச் சொன்னது நாந்தான். பய நல்லா படம் பண்ணுவான். நாந்தான், என்னைய வச்சு ஒண்ணு பண்ணுலன்னேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் மறுக்கவில்லை. திங்கட்கிழமை டூட்டி என்றது மட்டும் உண்மை.

வரும்போது பஸ்ஸில் அப்பா என் போனை வாங்கி வெகுநேரம் தன்னையே உருட்டிக்கொண்டு வந்தார்.

"நெஞ்ச எங்கல?"

"மூச்சு விட்டீங்கப்பா. அசைஞ்சா வராது."

"அப்பம் அடுத்த வாட்டி மூச்ச விடாம படுக்கணுமோ." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்குக் கரண்டு போயிட்டுன்னுல்லா நெனச்சேன்" என்றார். "வேர்த்துக் கொட்டிச்சு. நீதான் ஃபேன அமத்துனியா?"

"சட்ட ஆடிச்சுப்பா."

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். நான் முழித்திருக்கும்போது அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் அப்போதும் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் குகனுக்கு எழுதினேன். "அது எங்கப்பா. தெருவுல இல்ல, வீட்ல தூங்கிட்டிருந்தாங்க. குடிக்க மாட்டாங்க. நான் சொன்னது பொய். என் பேரு இசக்கிராஜ்." இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் அசையவில்லை. நாளை மதியம் எங்கே உட்கார வேண்டும் என்று யோசித்தேன். மாடியில் காற்று நன்றாக வரும்.

இன்று மதியம் அப்பா தூங்கினார். எழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தார். "டீ போடட்டாப்பா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று படுத்துவிட்டார். மறுபடி பாத்ரூம் போக எழுந்தார். "டீ போடட்டாப்பா?" என்றேன். "என்னல, டீக்கட வைக்கப் போறியா?" என்றார்.

மூன்றாவது முறை எழுந்து உட்கார்ந்தபோது சொன்னேன். அந்தப் பையன்கள் குடிகாரன் என்றார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை, அப்பா என்று சொல்லவில்லை, தெருவில் என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு மிகுந்த நேரம் பிடித்தது. நடுவில் நிறைய "வந்து" இருந்தது.

அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. பிறகு முழுக்கச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்தார்.

"சட்டைய மாத்திட்டுப் படுத்திருக்கணும் நான்" என்றார்.

டீ போட அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய் நின்றேன். அவர் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தார். நான் சர்க்கரை டப்பாவை எடுத்து நீட்டினேன். எதற்கும் எனக்குப் பதில் தயாராக இருக்கும் என்று நினைக்கும்படி பல பக்கங்கள் எழுதி வைத்திருக்கிறேன். வரலாற்று ஆசிரியர்கள் அதையெல்லாம் அடித்துவிடவும்.